மூன்று வாரத்துக்குத் தாயாகப் போகாதே

பாஸ்போர்ட் வந்துவிட்டது. மஞ்சள் காய்ச்சல் ஊசியும் போட்டாயிற்று. சபையில் முன்னால் அழைத்து, தலைமேல் கைவைத்து ஜெபித்து, காணிக்கையும் எடுத்துக் கொடுத்துவிட்டார்கள். கென்யாவிலோ கம்போடியாவிலோ ஒரு பிள்ளைகள் இல்லத்தில் ஊழியம் செய்யப் பட்டுக்கோட்டையிலிருந்து கிளம்பப் போகிறாய். தம்பி, பெட்டியைக் கட்டுவதற்கு முன் கொஞ்சம் உட்கார். தங்கச்சி, உனக்கும் சேர்த்துத்தான் சொல்கிறேன்.

நீ போய் இறங்கிய அன்றைக்கே ஒரு குழந்தை ஓடிவந்து உன் காலைக் கட்டிக்கொள்ளும். அதற்கு உன் பெயர் தெரியாது, உனக்கு அதன் பாஷை தெரியாது. இடுப்பில் ஏறி உட்கார்ந்துகொள்ளும். இறக்கிவிட்டால் அழும். கர்த்தர் என்னை இதற்காகத்தான் கொண்டுவந்தார் என்று உனக்குக் கண் கலங்கும். கலங்கட்டும், ஆனால் அதை அழைப்பு என்று எடுத்துக்கொள்ளாதே. நம் வீட்டில் ஒன்றரை வயதுப் பிள்ளை புது ஆளைப் பார்த்தால் என்ன செய்யும்? அம்மா முந்தானைக்குப் பின்னால் போய் ஒளியும், அங்கிருந்து ஒற்றைக் கண்ணால் எட்டிப் பார்க்கும். வளர்ப்பு சரியாக இருக்கிறது என்பதற்கு அதுதான் அடையாளம். கண்டவரிடமெல்லாம் தாவும் பிள்ளை, ஒளிந்துகொள்ள முந்தானை இல்லாத பிள்ளை. ருமேனியத் தலைநகர் புக்கரெஸ்டில் 2000இல் 136 குழந்தைகளை வைத்துத் தொடங்கிய நீண்ட ஆய்வு ஒன்று உண்டு. ஆள் மாறி ஆள் பார்த்துக்கொள்ளும் இல்லங்களில் சிறு பிள்ளைகளின் மனசும் மூளையும் எப்படி வாடுகின்றன என்பதை அது காட்டியது. இரண்டு வயதுக்குள் ஒரு குடும்பத்தில் போய்ச் சேர்ந்த பிள்ளைகள் நன்றாகத் தேறின. இல்லத்திலேயே இருக்கும் பிள்ளையிடம் நீ மூன்று வாரம் அன்பைக் கொட்டிவிட்டு விமானம் ஏறினால், அதை விட்டுப் போனவர்கள் பட்டியலில் நீயும் ஒருவன். அடுத்த மாதம் வேறு நாட்டிலிருந்து வேறொரு அண்ணன் வருவான். அவன் காலையும் அது கட்டிக்கொள்ளும்.

இந்தக் கணக்கை இருநூறு வருஷத்துக்கு முன்பே போட்டுப் பார்த்த மிஷனரி ஒருவர் நம் சீமையிலேயே இருந்தார். மல்லிப்பட்டினம் பக்கம் மனோராவைப் பார்த்திருப்பாய். அதைக் கட்டிய சரபோஜி மன்னரின் பிள்ளைப் பருவம் அவ்வளவு சுகமானதல்ல. 1787இல் துளஜா மன்னர் சாகக் கிடந்தபோது, தத்தெடுத்த பத்து வயதுச் சரபோஜியைத் தஞ்சாவூரிலிருந்த ஜெர்மானிய மிஷனரி சுவார்ட்ஸ் ஐயர் கையில் ஒப்படைக்கப் பார்த்தார். ராஜ்ஜியமே மடியில் வந்து விழுகிறது, வேறு யாராக இருந்தாலும் தேவசித்தம் என்று வாங்கிக்கொண்டிருப்பார்கள். சுவார்ட்ஸ் தயங்கினார். பிள்ளையை வேலியில்லாத தோட்டமாக விட்டுப் போகிறீர்கள், என்னால் மாதத்துக்கு ஒருதரமோ இரண்டுதரமோதான் வந்து பார்க்க முடியும், அது எப்படிப் போதும் என்ற பொருளில் பதில் சொன்னதாக அவர் கடிதத்திலிருந்து தெரிகிறது. தன்னால் எத்தனை நாள் கூட இருக்க முடியும் என்பதைத்தான் அவர் முதலில் பார்த்தார்.

அப்படித் தயங்கியவர் பிள்ளையைக் கைவிட்டாரா? இல்லை. சித்தப்பா அமர்சிங்கின் பிடியில் பையன் படிப்பில்லாமல் அடைபட்டுக் கிடந்தபோது கும்பெனி அதிகாரிகளிடம் விடாமல் முறையிட்டார். 1793இல் சரபோஜியைப் பாதுகாப்பாகச் சென்னைக்குக் கொண்டுபோய்ப் படிக்கவைத்தார்கள். 1798இல் சுவார்ட்ஸ் காலமானார், அதே வருஷம் சரபோஜி அரியணை ஏறினார். 1750இல் தரங்கம்பாடிக்கு வந்த அந்த மனிதர் சொந்த ஊருக்குத் திரும்பவே இல்லை. சரபோஜி கடைசிவரை தன் மதத்திலேயே இருந்தார். ஆனாலும் லண்டன் சிற்பி பிளாக்ஸ்மனைக் கொண்டு ஐயருக்குப் பளிங்கில் நினைவுச்சின்னம் செதுக்க வைத்து, தஞ்சாவூர் சிவகங்கைத் தோட்டத்துத் தேவாலயத்தில் நிறுத்தினார். சாகக் கிடக்கும் ஐயரின் கையை ராஜா பிடித்துக்கொண்டிருக்கும் காட்சி அது. ஞானஸ்நானக் கணக்கு எழுதிக்கொண்டு திரும்ப நினைக்கிறவர்கள் ஒருதரம் போய்ப் பார்த்துவிட்டு வரலாம்.

உனக்கு நாற்பத்தெட்டு வருஷம் இல்லை, மூன்று வாரம்தான். சரி, அந்த மூன்று வாரத்தில் என்ன செய்வாய்?

எந்த இல்லத்திலும் ஓர் ஆயா இருப்பார். விடியற்காலை எழுந்து கஞ்சி காய்ச்சி, இரவில் படுக்கையை நனைத்த பிள்ளையின் துணியை யாருக்கும் தெரியாமல் அலசிப் போடுகிறவர். சம்பளம் சொற்பமாக இருக்கும். நீ போன பிறகும் இருக்கப் போகிறவர் அவர்தான். உன் முதல் நாட்கள் அவருக்குச் சொந்தம். அண்டாவைத் தேய்த்துக் கொடு. தண்ணீர் தூக்கு. அரிசியில் கல் பொறுக்கு. துணி துவை. அவருக்கு அரை நாள் ஓய்வு கிடைத்தால் அதுவே பெரிய ஊழியம். குழந்தை உன்னிடம் ஓடி வந்தால் தள்ளிவிடாதே, கையைப் பிடித்து அவரிடம் கூட்டிக்கொண்டு போ. நீ வாங்கிப் போன மிட்டாய்ப் பையை அவர் கையில் கொடுத்துவிடு, பிள்ளைகளுக்கு அவர் கையாலேயே போகட்டும். நீ கொடுத்தால் நீ நல்ல அண்ணன் ஆவாய், தினமும் அதட்டிச் சோறு ஊட்டுகிற அவர் கெட்டவர் ஆவார். இது சின்ன விஷயம் என்று நினைக்காதே.

உன் அப்பா எங்கே, அம்மா எப்படிச் செத்தார் என்று எந்தப் பிள்ளையையும் கேட்காதே. ஜெபிப்பதற்காக என்றாலும் கேட்காதே. வருகிறவர்களெல்லாம் கேட்டுக் கேட்டு, அழ வேண்டிய இடத்தில் அழுது கதை சொல்லப் பழகிய பிள்ளைகள் இருக்கிறார்கள். அடுத்த வருஷமும் வருவேன் என்று சொல்லாதே. ஜனவரியில் என்று நீ வாய்தவறிச் சொன்னதை நீ மறந்துவிடுவாய், பிள்ளை மறக்காது.

போனை அறையிலேயே வைத்துவிட்டு வா. ஜெபக்குறிப்புக்குப் படம் வேண்டும், காணிக்கை கொடுத்தவர்களுக்குக் காட்ட வேண்டும் என்பார்கள். கொடுத்தவர்களிடம் கட்டடத்தைக் காட்டு, சமையற்கட்டைக் காட்டு. நம் நாட்டில் இளைஞர் நீதிச் சட்டம் 2015, 74ஆம் பிரிவின்படி காப்பகப் பிள்ளையின் படத்தையோ பெயரையோ வெளியிட்டால் ஆறு மாதம் வரை சிறையோ இரண்டு லட்சம் வரை அபராதமோ, இரண்டுமோ உண்டு. இங்கே குற்றமாக இருப்பது கடல் தாண்டினால் ஊழியமாகிவிடுமா? உன் தங்கை மகள் படத்தை எவனோ ஒருவன் தன் ஊர்ச் சபைத் திரையில் போட்டு 'அநாதை' என்று எழுதினால் சும்மா இருப்பாயா?

இன்னொன்றைப் பேசக் கூச்சமாக இருக்கிறது, பேசாமல் விட முடியாது. எந்தப் பிள்ளையோடும் மூடிய அறையில் தனியாக இருக்காதே. நீ யோக்கியன்தான். ஆனால் அந்த ஒழுங்கு உனக்காக மட்டும் போட்டதல்ல. மும்பை கொலாபாவில் ஆங்கரேஜ் என்ற பெயரில் தெருப்பிள்ளைகளுக்கு இல்லம் நடத்திய பிரிட்டிஷ்காரர்கள் இருவர், தங்கியிருந்த பையன்களையே சீரழித்த வழக்கில் 2006இல் தண்டிக்கப்பட்டார்கள். உயர் நீதிமன்றம் விடுவித்தது, 2011இல் உச்ச நீதிமன்றம் தண்டனையை மறுபடி உறுதி செய்தது. அடைக்கலம் என்று எழுதிய பலகைக்குப் பின்னால் நடந்தது அது. நீ போகிற இடத்தில் ஏதாவது கண்ணில் பட்டால், ஒரு பிள்ளை ஏதாவது சொன்னால், போதகரிடம் சொல்லிவிட்டுச் சும்மா இருந்துவிடாதே. சாட்சி கெட்டுப்போகும், ஊழியத்தின் பெயர் கெட்டுவிடும், உள்ளேயே பேசித் தீர்த்துக்கொள்வோம் என்பார்கள். தீர்க்க மாட்டார்கள். நம் நாட்டில் போக்சோ சட்டப்படி தெரிந்தும் சொல்லாமல் இருப்பதே குற்றம். பிள்ளைகளின் உதவிக்கு 1098 என்ற எண் இருக்கிறது. கென்யாவில் 116. எந்த நாட்டுக்குப் போனாலும் அந்த எண்ணைக் கேட்டுத் தெரிந்துகொண்டு போ. சிறியரில் ஒருவனுக்கு இடறல் உண்டாக்குகிறவன் கழுத்தில் ஏந்திரக்கல்லைக் கட்டிக் கடலில் தள்ளுவது நலம் என்ற வசனத்தை ஞாயிறு பள்ளியில் மனப்பாடம் செய்தவர்கள்தானே நாம்.

இத்தனைக்கும் முன்னால் கேட்க வேண்டிய கேள்வி ஒன்று இருக்கிறது. இந்தப் பிள்ளை ஏன் இங்கே இருக்கிறது? ஹைத்தியில் 2010 ஜனவரி பூகம்பத்துக்குப் பிறகு அமெரிக்க பாப்டிஸ்ட் ஊழியர்கள் பத்துப் பேர் 33 பிள்ளைகளைப் பேருந்தில் ஏற்றி எல்லை தாண்டப் பார்த்துப் பிடிபட்டார்கள். அநாதைகளை மீட்கிறோம் என்றார்கள். விசாரித்தால் அந்தப் பிள்ளைகளில் பலருக்குத் தாய் தகப்பன் உயிரோடு இருந்தார்கள். நல்ல சாப்பாடும் படிப்பும் கிடைக்கும் என்று நம்பி அவர்களே ஏற்றிவிட்டிருந்தார்கள். இதைப் புரிந்துகொள்ள நாம் ஹைத்திக்குப் போக வேண்டியதில்லை. 2018 நவம்பர் 16 விடியற்காலை கஜா புயல் நம் தென்னந்தோப்புகளைச் சாய்த்துப் போட்டதே, அதற்குப் பின்னால் போர்டிங்கில் சேர்க்கப் பிள்ளையைக் கையில் பிடித்துக்கொண்டு வந்து நின்றவர்கள் அநாதைப் பிள்ளைகளையா கூட்டி வந்தார்கள்? தோப்பும் கூரையும் போன அப்பன்கள் அவர்கள். முன்பணம் வாங்கிக்கொண்டு பையனைக் கிடை ஆட்டோடு அனுப்பிவிடும் வீடுகளும் இந்த டெல்டாவில்தான் இருக்கின்றன. அந்த வீட்டுக் கடனை அடைத்து ஒரு பசுவையோ நாலு ஆட்டையோ வாங்கிக் கொடுத்தால் பையன் வீட்டில் தூங்குவான், ஊர்ப் பள்ளிக்கூடம் போவான். அதற்குக் காணிக்கை எடுக்க நமக்கு மனசு வருவதில்லை, படம் எடுத்துக் காட்ட அதில் ஒன்றும் இல்லை. காப்பகங்களில் தொண்டர் திட்டங்களால் பிள்ளைகளுக்கு வரும் தீங்கைத் தடுக்கச் சொல்லி 2019 டிசம்பரில் ஐ.நா. பொதுச்சபையே தீர்மானம் போட்டிருக்கிறது. தொண்டர்கள் வரத்து இருக்கும்வரை அறைகளில் பிள்ளைகளை நிரப்பி வைக்கிற இல்லங்களும் இருக்கும்.

ஆகவே இன்றைக்கே அந்த இல்லத்துக்கு எழுது. அரசுப் பதிவு இருக்கிறதா? எத்தனை பிள்ளைகளுக்குத் தாயோ தகப்பனோ இருக்கிறார்கள்? போன வருஷம் எத்தனை பேரை வீட்டோடு சேர்த்துவைத்தீர்கள்? தொண்டர்களின் போலீஸ் சான்றிதழ் கேட்பீர்களா? பிள்ளைகளைத் தொடாமல் ஆயாமாருக்கு ஒத்தாசையாக மட்டும் இருக்க இடம் உண்டா? நல்ல இல்லம் சந்தோஷமாகப் பதில் சொல்லும், உன்னை இரண்டு கேள்வி கூடுதலாகவும் கேட்கும். பதிலுக்குப் பதிலாகச் சிரிக்கும் பிள்ளைகளின் படங்கள் பத்து வந்தால் டிக்கெட்டை ரத்து செய்துவிடு. விமானக் கம்பெனிக்காரன் கொஞ்சம் பணம் பிடித்துக்கொள்வான், பிடித்துக்கொள்ளட்டும். சபையில் என்ன சொல்வது என்று யோசிக்காதே, நான் வந்து சொல்கிறேன்.