நாடகத் திறனாய்வும் இனவுறவும்

ஒரு மக்களினத்தின் வாழ்வை மேடையில் கண்டு, இது நன்று, இது குறைபாடுடையது என்று எடைபோடும் உரிமை யாருக்கு உண்டு? அவ்வினத்தில் பிறந்தவர்க்கு மட்டுமா? கலை நுணுக்கம் அறிந்த எவர்க்கும் உண்டா? எளிதாகத் தோன்றும் இவ்வினா, வட அமெரிக்க நாடக உலகில் நெடுங்காலமாகத் தீராத வழக்காக இருந்துவருகிறது.

2020ஆம் ஆண்டு பிப்ரவரித் திங்களில், கனடாவின் டொராண்டோ நகரில் இவ்வழக்கு மீண்டும் எழுந்தது. யோலண்டா போனல் என்னும் நாடகக் கலைஞர், ஓஜிப்வே பழங்குடி மரபும் தெற்காசிய மரபும் ஒருங்கே வாய்ந்தவர். 'பக்' என்னும் தம் நாடகத்துக்குப் பழங்குடியினரும் கறுப்பினத்தாரும் பிற வெள்ளையரல்லாதாருமே மதிப்புரை எழுத வேண்டும் என்று அவர் வேண்டிக்கொண்டார். தம் படைப்பு சடங்குத் தன்மை உடையது. குடியேற்ற ஆதிக்கத்தின் பார்வை அதனை அளக்க வல்லதன்று என்பது அவர் கருத்து. அவ்வேண்டுகோளைச் சிலர் வரவேற்றனர். இதுவும் ஒருவகை நிறவேற்றுமையே அன்றோ என்று வேறு சிலர் சினந்தனர்.

சினந்தவர்கள் 1959ஆம் ஆண்டை நினைவுகூர்தல் நலம். அவ்வாண்டு மார்ச்சுத் திங்களில் நியூயார்க்கின் பிராட்வே அரங்கில் 'எ ரெய்சின் இன் த சன்' அரங்கேறியது. இயற்றியவர் லொரெய்ன் ஹான்ஸ்பெரி; அப்பொழுது அவருக்கு வயது 28. கறுப்பினப் பெண் ஒருவர் எழுதிப் பிராட்வேயில் ஏறிய முதல் நாடகம் அது. சிகாகோவின் நெருக்கடியான குடியிருப்பில் வாழும் ஒரு குடும்பம், இறந்துபோன தந்தையின் காப்புறுதித் தொகையைக் கொண்டு வெள்ளையர் வட்டாரத்தில் ஒரு வீடு வாங்குகிறது. குடும்பம் புறப்படுவதோடு திரை விழுகிறது. நியூயார்க் நாடகத் திறனாய்வாளர் குழு அதனையே அப்பருவத்தின் சிறந்த அமெரிக்க நாடகமாகத் தேர்ந்தது. ஆகவே வெள்ளையர் பாராட்டவில்லை என்று எவரும் குறைகூற இயலாது. ஆனால் எதைப் பாராட்டினர்? முடிவு மகிழ்ச்சியானது என்று கருதினோர் அவர்களுள் இருந்தனர்.

ஹான்ஸ்பெரிக்கு அது மகிழ்ச்சியான முடிவன்று. அவருடைய தந்தையார் 1937இல் சிகாகோவின் வெள்ளையர் வட்டாரம் ஒன்றில் வீடு வாங்கிக் குடிபுகுந்தார். கும்பல் திரண்டு வந்து வீட்டைத் தாக்கியது. எறியப்பட்ட கல் சிறுமியாயிருந்த ஹான்ஸ்பெரியின் மீது படாமல் தப்பியது அரிது. வழக்கு நாட்டின் உச்சநீதிமன்றம் வரை சென்று 1940இல் தீர்ப்பாயிற்று. மகிழ்ச்சியான முடிவு என்போர் அக்குடும்பம் குடிபோகும் தெருவில் வந்து வாழ்ந்து பார்க்கட்டும் என்ற கருத்துப்பட அவர் ஒரு நேர்காணலில் விடையிறுத்தார். திரை விழுந்தபின் அத்தெருவில் நிகழவிருப்பது என்ன என்பதைச் சிகாகோவின் கறுப்பினப் பார்வையாளருக்கு எவரும் எடுத்துரைக்க வேண்டியதில்லை. நாடகத்தின் உயிர்நிலையே அங்குதான் உள்ளது. நடுவுநிலைமைக்கு வள்ளுவர் துலாக்கோலை உவமை காட்டினார். கோல் நேராக நின்றாலும், தட்டில் வைத்த பொருள் இன்னதென்று அறியாதவன் விலை கூறுவது எங்ஙனம்?

எனினும், உறவு கண்ணைத் திறப்பது போலவே சில வேளை வாயை அடைத்தும் விடுகிறது. தன் இனத்தார் அரிதின் முயன்று மேடையேறும்போது, குறை சொல்லிப் பிறர் முன் தலைகுனியச் செய்யலாமா என்னும் தயக்கம் இயல்பானது. சிறுபான்மையாக வாழும் நமக்கு இதனை விளக்க வேண்டுவதில்லை; இன்று மேடையில் கண்ட நடிகரை நாளை ஒரு திருமணப் பந்தியில் சந்தித்தாக வேண்டுமே! ஆயினும் அத்தயக்கத்தை அன்பென்று கொள்ள என் மனம் ஒப்பவில்லை. "இவர்கள் அளவுக்கு இது நன்றே" என்று அயலான் தரும் பாராட்டை நாம் இழிவாகக் கருதுகிறோம். அதே தாழ்ந்த அளவுகோலை உறவினன் எடுத்தால் மட்டும் அது பெருமையாகிவிடுமா? இருவரும் கலைஞனைச் சிறுபிள்ளையாகவே நடத்துகின்றனர்.

இங்கே தியோஃபிலஸ் லூயிஸ் நினைவுக்கு வருகிறார். நியூயார்க்கின் ஹார்லெம் பகுதியில் வாழ்ந்த இக்கறுப்பினத் திறனாய்வாளர் அஞ்சல் நிலையப் பணியாளர். பல்கலைக்கழகம் அவரை உருவாக்கவில்லை. 1923 முதல் 1927 வரை 'த மெஸஞ்சர்' என்னும் இதழில் நாடகப் பகுதியை எழுதினார். வெள்ளையர் கைவசம் இருந்த அரங்க உடைமையைச் சாடிய அதே பேனாவால், தம் இனத்தார் மேடையேற்றிய மலிவான கேளிக்கைகளையும் அவர் சாடினார். ஆடல் மகளிரைத் தேர்ந்தெடுப்பதில் மாநிறத்தாருக்கே முன்னுரிமை தரப்பட்டதையும் அவர் விட்டுவைக்கவில்லை. அயலான் ஒருவன் அதனைக் கவனித்திருப்பானா? கவனித்தாலும், எழுதும் உரிமை தனக்கு உண்டென்று துணிந்திருப்பானா?

போனலின் வேண்டுகோளை நான் மறுக்கவில்லை. நெடுங்காலம் ஒரு சாராரே நிரம்பியிருந்த இருக்கைகளில் சிலவற்றை ஓர் அரங்கம் மற்றவர்க்கென ஒதுக்குவது அநீதியன்று. அவ்விருக்கையில் வந்து அமர்பவர் லூயிஸைப்போல் எழுதினால், போனலுக்கே அது உவப்பாயிராமலும் போகலாம்.