விலக்காமையும் வினையும்

ஒருவர் செய்யாத, செய்ய எண்ணாத, ஆனால் தடுக்கவும் முற்படாத ஒன்று அவருடைய வினையாகுமா என்பது இந்திய மெய்யியலின் பழைய கேள்விகளுள் ஒன்று. வீட்டுக் கணினி இன்று அக்கேள்வியை அன்றாடம் எழுப்புகிறது. விண்டோஸ் கணினி உயிர்பெற்றதும், உரிமையாளர் எதையும் திறப்பதற்கு முன்பே, இரு வகை நிரல்கள் இயங்கத் தொடங்குகின்றன. பயனர் உள்நுழைந்தவுடன் அவர் பெயரால் எழும் தொடக்க நிரல்கள் ஒரு வகை. எவரும் உள்நுழையாத நிலையிலும் திரைக்குப் பின்னே இயங்கவல்ல, 'சர்வீஸ்' எனப்படும் பின்னணிச் சேவைகள் மற்றொரு வகை. இவற்றுள் பலவற்றை உரிமையாளர் வேண்டுமென்று கேட்டதில்லை, வேண்டாமென்று சொன்னதுமில்லை.

மஜ்ஜிம நிகாயத்தின் உபாலி சுத்தம், நாளந்தாவில் புத்தருக்கும் சமண ஆசிரியரான நிகண்டரின் இல்லறச் சீடரான உபாலிக்கும் நிகழ்ந்த வாதத்தைப் பதிவு செய்கிறது. உடல், மொழி, மனம் ஆகிய மூன்றன் செயல்களில் மனத்தின் செயலே வினையில் வலியது என்பது அங்கே புத்தர் நிலைநாட்டும் கருத்து. அதன்படி, எண்ணமே இல்லாத உரிமையாளரைப் பொறுப்பிலிருந்து பெரிதும் விடுவித்துவிடலாம். சமணம் அவ்வாறு எளிதில் விடுவதில்லை. உயிரை வினையோடு பிணிக்கும் காரணங்களாக உமாஸ்வாதியின் தத்துவார்த்த சூத்திரம் ஐந்தைக் கூறுகிறது. அவற்றுள் ஒன்றான அவிரதி, தீமையைச் செய்வதன்று, அதனைச் செய்யேன் என்று உறுதி பூண்டு விலகாதிருத்தல். விலக்காமையும் ஒரு நிலைப்பாடே என்னும் இந்தக் கூர்மை, கணினியின் இயல்பிருப்பு அமைப்புகளுக்கு வியக்கத்தக்க அளவில் பொருந்துகிறது.

எடுத்துக்காட்டாக, பிரிண்ட் ஸ்பூலர் என்னும் சேவை, அச்சிட வேண்டியவற்றை வரிசைப்படுத்தி அச்சுப்பொறிக்கு அனுப்புவது. அச்சிடும் தேவையே இல்லாத வீட்டிலும் அது இயல்பாகவே 'ஆட்டோமேட்டிக்' நிலையில், கணினியின் மிக உயர்ந்த அதிகாரங்களைப் பெற்ற 'சிஸ்டம்' கணக்கின் பெயரால் இயங்குகிறது. 2021இல் 'பிரிண்ட்நைட்மேர்' எனப் பெயர்பெற்ற குறை வெளிப்பட்டபோது, ஊடுருவுபவர் அச்சேவையின் வழியே அதே அதிகாரத்தோடு தம் நிரலை இயக்கக்கூடும் என்பது தெரியவந்தது; மைக்ரோசாஃப்ட் நிறுவனமும் மாதாந்திரத் திருத்த நாளுக்குக் காத்திராமல் ஜூலையில் அவசரத் திருத்தம் வெளியிட்டது.

ஸ்பூலர் என்றொன்று இருப்பதையே அறியாதவர் அதனை எவ்வாறு விலக்குவார் என்னும் மறுப்பு வலுவானது. அறிவில்லாத இடத்தில் விரதம் இல்லை. ஆகவே இயல்பிருப்பை வகுத்தவர்மீதே பொறுப்பின் பெரும்பங்கு சாரும் என்பதே நியாயம். ஆயினும், ஒருமுறை அறிந்துகொண்டவர் அதன்பின் அறியாமையைக் காரணம் காட்ட இயலாது.

எல்லாச் சேவைகளையும் நிறுத்திவிடுவதும் தீர்வாகாது, நிரல்களுக்கிடையே தொடர்பு ஏற்படுத்தும் ஆர்.பி.சி. போன்ற அடிப்படைச் சேவை இன்றி விண்டோஸ் இயங்கவே இயலாது. துறவிக்கு மகாவிரதத்தையும், இல்லறத்தாராகிய சாவகருக்கு அளவுபட்ட அணுவிரதத்தையும் வகுத்த சமண மரபு, முற்றிலும் விலக்குவதற்கும் அளவோடு விலக்குவதற்கும் உள்ள வேறுபாட்டை நன்கு அறிந்திருந்தது. கணினியில் அளவோடு விலக்குவதிலும் இரு நிலைகள் உண்டு. 'மேனுவல்' நிலைக்கு மாற்றப்பட்ட சேவையை வேறொரு நிரல் தன் தேவைக்காக எழுப்பிவிடலாம். 'டிசேபிள்ட்' ஆக்கப்பட்டதை அந்நிலையை மாற்றாமல் எழுப்ப இயலாது. முன்னது வாய்ப்பு நேராமையால் செய்யாதிருப்பது, பின்னதே அவிரதிக்கு மறுதலையான விரதி. அச்சிடும் தேவையற்ற வீட்டின் ஸ்பூலருக்கு உரியது பின்னதே. தேவை எழும் நாளில் அதனை மீண்டும் இயக்கிக்கொள்ளத் தடையில்லை, ஏனெனில் சாவகரின் விரதங்களுள் காலமும் இடமும் வரையறுத்து ஏற்பவையும் உண்டு.