மறுமொழி கேளாத அன்பு

கண்ணிழந்த பெற்றோரைக் காவடியில் அமர்த்தித் தோளில் சுமந்து தீர்த்த யாத்திரை சென்ற சிரவணகுமாரனின் கதையை அறியாத இல்லம் பாரதத்தில் அரிது. முதுமையில் மகன் தோள் கொடுப்பான் என்பது எல்லாப் பெற்றோரின் எதிர்பார்ப்பு. ஆனால் காவடி தோள் மாறிவிட்ட இல்லங்களும் உண்டு. அங்கே முதிய தோள்கள் இளைய உடலைச் சுமக்கின்றன.

அத்தகைய ஓர் இல்லத்தை மனக்கண்முன் நிறுத்திப் பார்க்கலாம். ஊர் நாகபுரி என்று கொள்ளலாம். 22 வயது மகன் கல்லூரித் தேர்வு முடிந்து இருசக்கர வாகனத்தில் வீடு திரும்பும்போது விபத்துக்குள்ளாகிறான். தலைக்கவசம் தலையில் இல்லை. வண்டியின் கண்ணாடியில் தொங்கிக்கொண்டிருந்தது. அறுவை சிகிச்சையும் தீவிர சிகிச்சைப் பிரிவும் உயிரைக் காத்தன. ஆனால் வீட்டிற்குத் திரும்பிய மகன், "ஆயி" என்று அழைத்துக்கொண்டு வாசலில் செருப்பைக் கழற்றிய அந்த மகன் அல்லன். கண்கள் திறந்திருக்கின்றன, பார்வை யார்மீதும் நிற்பதில்லை.

2022-ஆம் ஆண்டில் மட்டும் பாரதச் சாலைகளில் 4,61,312 விபத்துகள் பதிவாயின. 1,68,491 பேர் உயிரிழந்தனர். 4,43,366 பேர் காயமுற்றனர். 'காயமுற்றோர்' என்ற சொல்லில், கால் முறிந்து சில மாதங்களில் எழுந்து நடந்தவரும் அடங்குவர். மூளை அடிபட்டு எழாமலே போனவரும் அடங்குவர். புள்ளிவிவரத்தில் அது ஒரு வரி. அந்தத் தாய்க்கோ அது நாளின் இருபத்துநான்கு மணி நேரம்.

படுக்கைப் புண் வராமலிருக்க இரவிலும் இரண்டு மணிக்கு ஒருமுறை உடலைத் திருப்பிப் படுக்கவைக்க வேண்டும். மூக்கு வழியே செல்லும் குழாயில் நீர்த்த உணவை மெல்லச் செலுத்த வேண்டும். தொண்டையில் சேரும் சளியை உறிஞ்சி எடுக்க வேண்டும். மூட்டுகள் இறுகாதிருக்கக் கைகால்களை நாள்தோறும் மடக்கி நீட்ட வேண்டும். தந்தையின் சேமிப்பு கரைகிறது. தங்கையின் திருமணப் பேச்சு தள்ளிப்போகிறது. இவற்றையெல்லாம் தாங்கும் தாயின் உள்ளத்தைத் தாங்கமுடியாமல் செய்வது ஒரே ஒரு கேள்வி: "நான் பேசுவது என் மகனுக்குக் கேட்கிறதா?"

பல்லக்கைச் சுமந்த ஞானி

ஸ்ரீமத் பாகவதத்தின் ஐந்தாவது ஸ்கந்தத்தில் ஜடபரதரின் வரலாறு வருகிறது. பேசாமல், எதிலும் ஒட்டாமல் திரிந்த அவரை உலகம் மந்தபுத்தி உடையவர் என்றே முடிவு கட்டியது. மன்னன் ரஹூகணனின் பல்லக்கைச் சுமக்க ஆள் குறைந்தபோது அவரைப் பிடித்துக் கட்டினர். காலடியில் சிற்றுயிர்கள் நசுங்காதவாறு அவர் பார்த்துப் பார்த்து நடந்ததால் பல்லக்கு குலுங்கியது. மன்னன் ஏளனம் செய்தான். அப்போது அந்த 'ஜட'த்தின் வாயிலிருந்து ஆத்ம ஞானம் பிறந்தது. மன்னன் பல்லக்கிலிருந்து இறங்கி வணங்கினான்.

நினைவிழந்து கிடப்பவர்கள் எல்லாரும் ஞானிகள் என்பது இதன் பொருளன்று. வெளித்தோற்றத்தைக் கொண்டு உள்ளிருப்பதை அளந்துவிட முடியாது என்பதே மன்னன் கற்ற பாடம்.

மருத்துவ உலகமும் அதே பாடத்தைக் கற்றுவருகிறது. கண் திறத்தல், பேச்சு, அசைவு ஆகிய மூன்றையும் பார்த்து 3 முதல் 15 வரை மதிப்பெண் இடும் கிளாஸ்கோ அளவுகோல் 1974-இல் வந்தது. எட்டும் அதற்குக் கீழும் கடுமையான காயம். சிகிச்சைக்கு இன்றியமையாத அளவுகோல்தான். ஆயினும் அது வெளியே தெரிவதை மட்டுமே அளக்கிறது. 2006-இல் கேம்பிரிட்ஜைச் சேர்ந்த ஏட்ரியன் ஓவனும் உடன் ஆய்வாளர்களும் ஓர் ஆய்வை வெளியிட்டனர். சாலை விபத்தில் மூளை அடிபட்டு, உணர்வே இல்லை என்று கருதப்பட்ட 23 வயதுப் பெண்ணிடம், டென்னிஸ் ஆடுவதாகக் கற்பனை செய்யுமாறு கூறி மூளையைப் படம் பிடித்தனர். நலமுள்ளவர்களின் மூளையில் இயங்கும் அதே பகுதிகள் அவளிடமும் இயங்கின. 2024-இல் வெளிவந்த பன்னாட்டு ஆய்வொன்றில், கட்டளைக்கு எந்த அசைவும் காட்டாத 241 பேரில் 60 பேரிடம் இத்தகைய உள்ளியக்கம் காணப்பட்டது.

நால்வரில் ஒருவர்! அவர்தம் செவியருகே, "இவன் பிழைத்து என்ன பயன்?" என்று உறவினர் பேசியிருந்தால்?

மீதி மூவர்

ஆயினும் மீதி மூவரிடம் எந்த அறிகுறியும் காணப்படவில்லை. அவர்களுடைய தாய்மாருக்கு என்ன ஆறுதல்? இங்கேதான் அறிவியல் நின்று, ஆன்மிகம் பேசத் தொடங்குகிறது. அரிக்கேன் விளக்கின் கண்ணாடியில் விரிசல் விழுந்து புகை படிந்தால் அறையில் ஒளி குன்றுகிறது. விளக்கேற்றியவர், சுடர் அணைந்தது என்று சொல்வதில்லை. மூளை அந்தக் கண்ணாடி. நினைவும் மொழியும் அதன் வழியே வெளிவந்தவை. அவற்றுக்கெல்லாம் சாட்சியாக நிற்கும் ஆத்மா, அடிபடும் பொருளன்று என்பதே உபநிடதங்களின் முடிவு.

கருவறையில் அபிஷேகம் செய்பவர் தெய்வம் வாய்திறந்து பேசும் என்று காத்திருப்பதில்லை. நாளும் நீராட்டுகிறார், அமுது படைக்கிறார், துயில் எழுப்புகிறார். பலனில் பற்றின்றிக் கடமை ஆற்றுக என்று கீதையில் கண்ணன் போதித்ததை அந்தத் தாய் படித்திருக்காமல் இருக்கலாம். ஆனால் விடியற்காலை நான்கு மணிக்கு மகனின் முகத்தைத் துடைக்கும்போது அவள் அதையே செய்கிறாள். மகன் தேறவேண்டும் என்ற நம்பிக்கையை அவள் விடவேண்டியதில்லை. தேறினால்தான் அன்பு என்ற நிபந்தனை மட்டுமே விடத்தக்கது.

அன்பர்களின் கடமை

அந்த வீட்டிற்குச் செல்பவர்கள், "எல்லாம் பூர்வஜன்ம வினை" என்று கூறித் திரும்புவதுண்டு. வினைக் கோட்பாடு, தன் செயலைத் திருத்திக்கொள்ள ஒவ்வொருவருக்கும் தரப்பட்டது; பிறர் துயரத்திற்குத் தீர்ப்பு எழுதத் தரப்பட்டதன்று. துயருற்ற தாயிடம் அதைச் சொல்வது தத்துவம் ஆகாது, கொடுமையே ஆகும்.

அங்கே தேவைப்படுவது உபதேசமும் அன்று. அவளிடமிருந்து முறையைக் கற்றுக்கொண்டு, வாரம் ஒருநாள் இரண்டு மணி நேரம் அந்தப் படுக்கையருகே அமர்ந்தால் அவள் உறங்குவாள். மருந்து வாங்கிவந்தால் தந்தையின் ஓர் அலைச்சல் குறையும். அந்த இளைஞனின் பெயரைச் சொல்லி அழைத்து நாலு வார்த்தை பேசினால், அவன் இன்னும் ஒரு மனிதனாக மதிக்கப்படுகிறான் என்பதைக் குடும்பம் உணரும். சேவை செய்யும் தாயும் களைக்கும் உடல் உடையவளே. அவள் ஓய்வெடுப்பது கடமை தவறியதாகாது. சில வேளை சினந்து அழுவதும் பாவமாகாது.

காவடியின் பாரம் ஒரு தோளுக்கென்று விதிக்கப்பட்டதன்று. சற்று நேரம் அதை வாங்கிக்கொள்ளும் தோள்கள் ஒவ்வோர் ஊரிலும் பெருகுமாறு இறைவன் அருள்புரிவானாக.