மன்னிப்பும் வீட்டு வரியும்

நல்லிணக்கம் என்ற சொல்லைக் கேட்டாலே எனக்குச் சந்தேகம். யார் யாரோடு இணங்கணும்? அடிச்சவனும் அடிபட்டவனும் ஆளுக்குப் பாதி தூரம் நடந்து வந்து கைகொடுக்கணும் என்பது மாதிரி அது பேசுகிறது.

ஆஸ்திரேலியாவில் 2008இல் பிரதமர் கெவின் ரட் பூர்வகுடிகளிடம் நாடாளுமன்றத்தில் மன்னிப்புக் கேட்டார். ஊர் கவுன்சில்களும் கேட்கின்றன. கேட்கத்தான் வேண்டும். மோரீ என்ற ஊரில் 1955இல் கவுன்சில் தீர்மானமே போட்டது: முனிசிபல் நீச்சல்குளத்துக்குள் பூர்வகுடிகள் வரக்கூடாது. வெறும் வழக்கமல்ல, எழுத்தில் இருந்த விலக்கு. 1965 பிப்ரவரியில் பூர்வகுடி மாணவர் சார்லஸ் பெர்கின்ஸும் சிட்னி பல்கலைக்கழகத் தோழர்களும் பஸ்ஸில் போய், பூர்வகுடிப் பிள்ளைகளோடு அந்தக் குளத்து வாசலில் நின்றார்கள். முட்டையும் தக்காளியும் பறந்தன. தண்ணீரில் தீட்டுப் பார்ப்பது எப்படி என்று நமக்கு யாரும் விளக்க வேண்டியதில்லை.

இன்றைக்கு அங்கே பல கவுன்சில் கூட்டங்கள் 'இந்த மண்ணின் பாரம்பரிய உரிமையாளர்களுக்கு' மரியாதை சொல்லித்தான் தொடங்குகின்றன. சொல்லி முடிச்சதும் அதே மண்ணுக்கு வீட்டு வரி எவ்வளவு ஏத்தலாம்னு பேச்சு. உரிமையாளர் அவங்கன்னா வரி உங்களுக்கு எப்படி வந்தது? நிலம் மாநிலச் சட்டத்தில் இருக்கிறது, எங்கள் கையில் இல்லை என்பார்கள். பெரும்பாலும் உண்மைதான். அப்போ உங்க கையில இருக்கிறதுல எதை விட்டுக்கொடுத்தீங்க? மன்னிப்பை நான் அளக்கிற படி இது ஒன்றுதான்.

அந்தப் படியில் மெல்போர்னின் யாரா கவுன்சில் கொஞ்சமாவது தேறும். 1788 ஜனவரி 26, சிட்னியில் பிரிட்டிஷ் கொடி ஏறிய நாள். அதுவே அங்கே தேசிய தினம்; பூர்வகுடிகள் பலருக்குப் படையெடுப்பு நாள். (நமக்கு அதே தேதி அம்பேத்கர் சட்டம் அமலுக்கு வந்த நாள்.) அன்றைக்குப் புதுக் குடியேறிகளுக்குக் குடியுரிமை விழா நடத்த மாட்டோம் என்று 2017 ஆகஸ்டில் யாரா முடிவெடுத்தது. உடனே மத்திய அரசு, விழா நடத்தும் உரிமையையே பிடுங்கியது. சில நாளில் டேரபின் கவுன்சிலும் அதே முடிவுக்கு வந்தது. அதற்கும் அதே தண்டனை. ஒரு அடி நிலம் திரும்பி வரவில்லைதான். ஆனால் மேலிருந்த அதிகாரத்துக்குக் கோபம் வந்ததே! மரியாதை சொன்ன கவுன்சில்கள் மேல யாரும் கோபப்படலையே.

2022 டிசம்பரில், அரசு மாறிய பின், விழாவை மூன்று நாள் முன்பின் வைக்கலாம் என்று விதி தளர்ந்தது. அடுத்த வருஷமே, பூர்வகுடிகளுக்கு ஆலோசனைக் குரல் கொடுக்கலாமா என்ற வாக்கெடுப்பில் நூற்றுக்கு அறுபது பேர் வேண்டாம் என்றார்கள். அந்த வாக்காளர்களில் நம் நாட்டிலிருந்து போய் அந்த விழாக்களில் குடியுரிமை வாங்கியவர்களும் உண்டு. அவர்கள் யார் மண்ணில் உறுதிமொழி எடுத்தார்கள் என்று விசாரிக்கணும்.