புள்ளியும் பொருளும்

ஒரு சொல்லுக்கும் அது உணர்த்தும் பொருளுக்கும் உள்ள சம்பந்தம் இயல்பாகவே அமைந்த நித்திய சம்பந்தமா, அல்லது இன்ன சொல் இன்னதைக் குறிக்கட்டும் என்று வகுக்கப்பட்ட சங்கேதமா என்னும் வினா, பாரத தேசத்துத் தத்துவ சாஸ்திரங்களில் நெடுங்காலம் விவாதிக்கப்பட்ட ஒன்றாகும். மீமாம்சகர் அதை நித்தியம் என்றனர். நையாயிகர் சங்கேதம் என்றனர். அவ்விரு சாராரும் கனவிலும் கண்டிராத ஒரு சாட்சி நம் காலத்தில் வந்திருக்கிறது: பார்வையற்றோர் விரலால் தடவிப் படிக்கும் பிரெயில் எழுத்தைக் கணினியில் குறித்துவைக்கும் முறை.

குழந்தைப் பருவத்தில் தந்தையாரின் தோல் பட்டறையில் நேர்ந்த விபத்தால் பார்வையிழந்த லூயி பிரெயில் என்னும் பிரெஞ்சுக்காரர், 1829-இல் வெளியிட்ட முறையில் ஆறு புள்ளிகளே அடிப்படை. பிற்காலத்தில் கணினிக்கென இரண்டு சேர்ந்து எட்டாயின. ஒவ்வொரு புள்ளியும் எழுந்தோ எழாமலோ நிற்கலாமாதலால் 256 வடிவங்கள் பிறக்கின்றன. உலக மொழிகளின் எழுத்துகளுக்கெல்லாம் எண் வழங்கும் யூனிகோடு, 1999-இல் இவற்றுக்கும் ஒரு தொகுதியாக இடம் தந்தது. முதற் புள்ளிக்கு 1, இரண்டாவதற்கு 2, மூன்றாவதற்கு 4 என இரட்டித்துச் சென்று எட்டாவதற்கு 128 என மதிப்பிட்டு, எழுந்த புள்ளிகளின் மதிப்பைக் கூட்டினால், அத்தொகுதியில் அவ்வடிவத்தின் இடம் கிடைத்துவிடும். 1, 4, 5 ஆகிய புள்ளிகள் எழுந்த வடிவத்துக்கு அத்தொகை 25.

இவ்வேற்பாட்டில் கருதத்தக்கது, எந்த வடிவத்துக்கும் பொருள் எதுவும் உரைக்கப்படவில்லை என்பதே. மேற்சொன்ன வடிவம் ஆங்கிலத்தில் 'டி' என்னும் எழுத்து. எண்குறிக்குப் பின் வந்தால் நான்கு. இசைக்குறிப்பில் 'ஸி' என்னும் ஸ்வரம். 3, 4, 5 எழுந்த வடிவமோ ஆங்கிலச் சுருக்க முறையில் 'ஏ', 'ஆர்' என்னும் ஈரெழுத்துச் சேர்க்கையாகவும், இந்திய மொழிகளுக்குரிய பாரதி பிரெயிலில் தமிழின் 'ஆ'வாகவும் விளங்குகிறது. ஆகவே யூனிகோடை வகுத்தோர் புள்ளிகளின் எண்களையே பெயராக்கி, அர்த்தத்தைப் படிப்பவரின் மரபுக்கு விட்டுவிட்டனர். ஒரு புள்ளியும் எழாத வெற்று வடிவத்துக்கும் தனி இடம் உண்டு என்பதைக் காணும்போது, அபாவத்தையும், அதாவது இல்லாமையையும், ஒரு பதார்த்தமாக எண்ணிய வைசேஷிக தரிசனத்தாரின் நுண்மை நினைவுக்கு வருகிறது.

ஆகவே வழக்கு நையாயிகர் பக்கமே சாய்கிறது எனலாம். ஆயினும், சொற்பொருளை மூத்தோர் வழக்கிலிருந்தே கற்கிறோம் என மீமாம்சகர் வற்புறுத்தியதை நாம் தள்ளிவிடலாகாது. சங்கேதம் என்பதனாலேயே அது தனி மனிதனின் விருப்பத்துக்கு உட்பட்டதாகிவிடாது. ஆசிரியர் மாணவனின் விரலைப் பிடித்துக் கற்பித்து, அம்மாணவன் பின்னொரு காலத்தில் மற்றொருவனுக்குக் கற்பித்துக் காத்துவரும் நம்பிக்கையே, அசையாப் புள்ளிகளுக்கு உயிரளிக்கிறது. பொருள் வடிவத்தில் இல்லை. மனிதர் ஒருவரோடொருவர் கொண்ட உறவில் இருக்கிறது.

இதனின்று நமக்கொரு கடமை பிறக்கிறது. பார்வையற்ற வாசகர்க்குரிய கருவிகள், கணினியில் சேமித்த சாதாரண எழுத்துகளை அந்தந்த மொழியின் விதிப்படி புள்ளிகளாக மாற்றி, சிறு முனைகளை விரலடியில் எழச் செய்கின்றன. ஆனால் ஆங்கில எழுத்துகளுக்குரிய எண்களின் மேல் தமிழ் உருவங்களை வரைந்துவைத்த பழைய எழுத்துருக்களில் தட்டச்சான நூல்கள், கண்ணுக்குத் தமிழாகத் தோன்றினும், அக்கருவிகளுக்குப் பொருளற்ற ஆங்கில எழுத்துக் குவியலே. பக்கங்களைப் படமாக மட்டும் பதிந்த நூல்களில் அவற்றுக்கு எழுத்தே இல்லை. ரூபத்தைக் காத்துச் சங்கேதத்தைக் கைவிட்டதன் விளைவு இது. தமிழ் நூல் வெளியிடும் அன்பர்கள் தம் நூல்களை யூனிகோடு எழுத்தாகவே சேமித்து வழங்குவார்களாக. விரலால் படிப்போரும் நம் மொழியின் வாசகரே.