கள்ளுண்ணாமையும் மருந்தும்

மதுபானம் பாதகங்களுள் ஒன்றென்பது சைவசமயிகள் யாவரும் இளமைதொட்டுக் கேட்டறிந்ததேயாம். ஸ்ரீலஸ்ரீ ஆறுமுகநாவலரவர்கள் (1822-1879) சைவச்சிறார் பொருட்டு இயற்றிய நான்காம் பாலபாடத்திலே கள்ளுண்ணலின் கேட்டைத் தனிப்பாடமாக எடுத்து விளக்கினார்கள். திருவள்ளுவ நாயனார் திருக்குறளின் 93ஆம் அதிகாரத்தை அதற்கென்றே வகுத்தார். இவற்றை நாம் மாணாக்கருக்கு ஓதுவிக்கின்றோம், பொருள் வினாவுகின்றோம், மனனஞ் செய்தவருக்குப் பரிசுங் கொடுக்கின்றோம். இவையெல்லாம் நல்லனவே, விடத்தக்கனவல்ல.

ஆயின், இப்போதனைகள் இன்னும் குடியாதவனுக்கு உரியன. முன்னமே குடித்துப் பழகி, அதற்கு அடிமையாகி, விட நினைந்தும் விடமாட்டாது கிடப்பவனுக்கு நாம் சொல்வது யாது? அவன் நம் மாணாக்கனுடைய தந்தையாயிருக்கலாம். நம்மோடு ஒரே பாடசாலையிற் கற்பிக்கும் ஆசிரியனாகவும் இருக்கலாம். அவன்பால் நாம் செய்வன பெரும்பாலும் இரண்டே: ஒன்று இகழ்தல், மற்றொன்று காணாதார்போல் ஒதுங்கிப்போதல். இவ்விரண்டும் சைவநெறிக்கு ஒக்குமா என்பதே ஈண்டு யாம் ஆராயப் புகுந்த பொருள்.

முதற்கண், குடி குற்றமா நோயா என்னும் வினா எழும். குடிப்பவர் யாவரும் நோயாளரல்லர்; குடி எவர்க்கும் நன்றுமன்று. உடல்நலத்துக்குக் கேடில்லாத அளவென்று மதுசாரத்தில் எவ்வளவையும் வரையறுத்தல் இயலாதென உலக சுகாதார நிறுவனம் 2023ஆம் ஆண்டிலே கூறிற்று. ஆயினும் குடிப்பவருள் ஒரு பகுதியாரிடத்து வேறொரு நிலை தோன்றுகின்றது. முன் ஒரு பிளாவினால் உண்டான மயக்கத்துக்கு இப்போது மூன்று நான்கு வேண்டியிருக்கும். தொடங்கினால் நிறுத்துதல் கூடாது. குடியாத காலையிற் கை நடுங்கும், வியர்க்கும், உறக்கம் வாராது. தொழிலும் குடும்பமும் அழிவதைக் கண்ணாற் கண்டுகொண்டே குடிப்பான். இதனை மனத்தைப் பற்றிய நோயென்று தோமஸ் துரொட்டர் என்னும் பிரித்தானியக் கடற்படை வைத்தியர் 1804ஆம் ஆண்டிலேயே எழுதினார். இன்றைய வைத்தியரும் அதனை நோயென்றே கொண்டு சிகிச்சை செய்கின்றனர்.

இதனைக் கேட்ட சைவர் சிலர், "இது மேனாட்டார் கொள்கை, நம் சாத்திரத்துக்கு மாறானது" என்பர். அற்றன்று. ஆன்மா சார்ந்ததன் வண்ணமாகும் இயல்பினதென்பது சைவசித்தாந்தத் துணிபு. இதற்கு உவமை நம் வளவுப் பனையிலேயே உண்டு. உள்ளே சுண்ணாம்பு பூசிய முட்டியில் இறங்கிய பாளைநீர் கருப்பநீராகின்றது, குழந்தைக்குங் கொடுக்கலாம், காய்ச்சினாற் பனங்கட்டியாகும். சுண்ணாம்பில்லாத முட்டியில் இறங்கிய அதே நீர் சில நாழிகையிற் புளித்துக் கள்ளாகின்றது. பனை ஒன்றே, பாளை ஒன்றே, சார்பு வேறாயிற்று. கட்டுண்ட உயிர் தன்னறிவினாலேயே தன் கட்டை அவிழ்த்தல் இயலாது, அவிழ்ப்பானொருவன் வேண்டுமென்று நாம் நாடோறும் போதிக்கின்றோம். அங்ஙனம் போதிக்கும் நாமே குடிகாரனை நோக்கி, "மனம் வைத்தால் நாளைக்கே விடலாமே" என்று கூறுதல் நம் சித்தாந்தத்தை நாமே மறந்ததாகும்.

அங்ஙனமாயின் அவன்மேற் பொறுப்பொன்றும் இல்லையோவெனின், உண்டு. முதற் கிண்ணத்தைத் தொட்டவன் அவனே. நோய் வந்தபின் அப்பொறுப்பு நீங்குவதில்லை, வடிவு மாறுகின்றது. நீரிழிவு வந்தவன் அந்நோயை அப்போதே ஒழித்தல் அவன் வசத்ததன்று. வைத்தியனிடம் போதலும் பத்தியங் காத்தலும் அவன் வசத்தனவே. குடிநோயாளனும் உதவியை ஏற்கக் கடமைப்பட்டவன். அன்றியும், மனைவி மக்களை அடிப்பதற்கு நோய் ஒரு சமாதானமாகமாட்டாது. அவ்வீட்டிலே முதற்கண் காக்கப்படவேண்டியவர் அடிபடுவோரே. 2005ஆம் ஆண்டின் 34ஆம் இலக்க வீட்டு வன்முறைத் தடுப்புச் சட்டம் அவர்கள் நீதிமன்றத்தை நாடிப் பாதுகாப்புக் கட்டளை பெற வழிவகுத்திருக்கின்றது. "பொறுத்துக்கொள், பிள்ளாய்" என்று அப்பெண்ணைத் திருப்பி அனுப்புதல் தருமமாகாது.

இன்னொரு தடையும் நிகழும்: "நோயென்று சொன்னால் இளைஞருக்கு அச்சம் நீங்கிவிடுமே" என்பது. காசம் நோயென்று அறிந்தமையால் அதனை விரும்பி வருவித்துக்கொண்டவர் எவர்? பாலபாடத்தின் எச்சரிக்கை வாயிலிலே நின்று காப்பது. நோயைப் பற்றிய அறிவு உள்ளே விழுந்தவனை எடுப்பது. காலம் வேறு, மருந்து வேறு. ஒன்றைச் சொல்வதனால் மற்றொன்று பொய்யாவதில்லை.

நம் யாழ்ப்பாணத்தின் நிலையைச் சிறிது நோக்குவோம். கிறித்தவ மிஷனாரும் சைவப்பெரியாரும் பலவற்றில் மாறுபட்டிருந்தும் மதுவை விலக்குவதில் ஒருகுரலாயினர். மிஷன் வழிவந்த கல்லூரியிலே பயின்று சைவப் பாடசாலையிலே கற்பிக்கும் யாம் இருபாலாரின் போதனையையும் கேட்டுள்ளோம். 1912ஆம் ஆண்டளவில் மதுவிலக்கியக்கம் இலங்கையிற் பெரிதும் எழுந்தது. 1927 நவம்பரிலே காந்தியடிகள் இங்கு வந்தபோது மதுவிலக்கையும் வற்புறுத்தினார். 2006ஆம் ஆண்டின் 27ஆம் இலக்கச் சட்டம் இருபத்தொரு வயதுக்குட்பட்டவருக்கு மதுவிற்றலைத் தடுத்தது, மதுவிளம்பரத்தையும் விலக்கியது. தவறணையை மூடுதலும் சட்டஞ்செய்தலும் புதிதாய் விழுவோரைக் குறைக்கும். விழுந்து கிடப்பவனோ ஒரு வாயில் அடைபட்டால் வேறொன்றைத் தேடுவான். கசிப்புக் காய்ச்சுவோர் அவனுக்காகவே காத்திருக்கின்றனர்.

2009ஆம் ஆண்டு மே மாதத்தில் முடிந்த போர் விட்டுச்சென்ற புண்களும் இதனோடு கூடின. பிள்ளையை இழந்தவன், நிலத்தை இழந்தவன், இரவில் உறக்கம் வாராதவன் ஆகியோருட் பலர் குடியையே மருந்தாகக் கொண்டனர். பேராசிரியர் தயா சோமசுந்தரம் என்னும் உளமருத்துவர் நம் மக்களின் உளவடுக்களை ஆராய்ந்து எழுதியவற்றிலே இதனையும் சுட்டினார்.

இவற்றினும் பெரிய தடையொன்று நம்மிடத்தே உண்டு. அது மானம். மதுவிலக்கை நாம் ஒழுக்கமாகக் கொண்டதோடு அமையாது, குலப்பெருமையாகவுங் கொண்டோம். கள்ளிறக்கும் தொழிலாளர்மீது பழியைச் சுமத்திவிட்டு, நம் வீட்டு அலுமாரியிலிருக்கும் போத்தலைப் பற்றி வாய்திறவாதிருந்தோம். ஆதலின் "நல்ல குடும்பத்து" நோயாளன் ஒளித்துக் குடிக்கின்றான். மனைவி அயலாருக்குக் காய்ச்சலென்று சொல்கின்றாள். ஈரல் கெட்டு வயிறு வீங்கிய பின்னரே வைத்தியசாலைக்குக் கொண்டுபோகின்றனர். பாவத்துக்கு அஞ்சுதல் வேறு. பழிக்கு அஞ்சி நோயை மறைத்தல் வேறு. முன்னையது உயிரைக் காக்கும், பின்னையது கொல்லும்.

இனி, உதவி எவ்வாறு என்பது. நாயனார் 93ஆம் அதிகாரத்திலே கள்ளைக் கடிந்தார். 94இலே சூதைக் கடிந்தார். அடுத்த 95ஆம் அதிகாரத்துக்கு மருந்து என்று பெயரிட்டார். அங்கே நோயையும் நோயின் காரணத்தையும் தணிக்கும் வழியையும் ஆராய்ந்து செய்க என்றார். நோயாளன், வைத்தியன், மருந்து, அருகிருந்து பேணுவோன் ஆகிய நான்கும் கூடியதே மருத்துவமென்றும் முடித்தார். குடிநோய்க்கும் இந்நான்கும் வேண்டும்.

நோயாளனிடத்து வேண்டுவது தன்னிலை அறிதல். குடித்திருப்பவனுக்குக் காரணங்காட்டித் தெளிவிக்கப் புகுதல் வீண்முயற்சியென நாயனாரே உவமைகொண்டு உணர்த்தினார். ஆதலின் இரவிலே வாதாடற்க. காலையிலே, தெளிந்திருக்கும்போது, தனியே, மெல்லச் சொல்லுக. உலக சுகாதார நிறுவனம் வகுத்த பத்து வினாக்கள் கொண்ட வினாத்தாளொன்று உண்டு. எத்துணை முறை, எவ்வளவு, நிறுத்தக்கூடாமற் போனதுண்டா என்பன போன்ற அவ்வினாக்களுக்குத் தானே விடையெழுதிப் பார்த்தவன் பிறர் சொல்லாமலே சிலவற்றை உணர்வான்.

வைத்தியனைப் பற்றி ஒன்று வற்புறுத்தல் வேண்டும். நல்லூர்க் கந்தசுவாமி கோவிற் கொடியேறியதும் இருபத்தைந்து நாளும் குடியை விடுவோர் நம்மிற் பலர். விரதம் நன்று. ஆயின் பல்லாண்டு நாடோறும் மிகக் குடித்தவன் சடுதியில் நிறுத்தின், முதல் இரண்டு மூன்று நாள்களுக்குள் வலிப்பும் சன்னிபோன்ற பிதற்றலும் வரக்கூடும். உயிருக்கே மோசமாதலும் உண்டு. அத்தகையோன் வைத்தியர் மேற்பார்வையிலேயே நிறுத்தல் வேண்டும். நடுக்கத்தையும் வலிப்பையும் தணிக்கும் மருந்துகளையும், தயமின் என்னும் பி1 விற்றமினையும் கொடுத்து அந்நாள்களைக் கடத்துவிப்பர். யாழ்ப்பாணப் போதனா வைத்தியசாலையிலும் தெல்லிப்பழை ஆதார வைத்தியசாலையிலும் உளமருத்துவப் பிரிவுகள் உள. தேசிய மனநல நிறுவகத்தின் 1926 என்னும் தொலைபேசி இலக்கத்திலும் ஆலோசனை பெறலாம். இருபத்தைந்து நாள் விரதத்தை ஒருவன் காக்கமாட்டாது தவிப்பானாயின், அல்லது தீர்த்தத் திருவிழா எப்போது முடியுமென்று நாளெண்ணுவானாயின், அதனைப் பத்தியின் குறையென்று வையாது, நோயின் குறியென்று கொண்டு வழிகாட்டுக.

மருந்தைப் பற்றி: குடிவேட்கையைக் குறைக்கும் நல்ரெக்சோன் முதலியனவும், மருந்துண்டவன் மது தொட்டால் வாந்தியும் படபடப்பும் உண்டாக்கும் டைசல்பிரமும் உள. பின்னதை நோயாளன் அறியாமற் சோற்றிற் கலந்து கொடுப்பாருளர். இது பெரும் மோசம். அவன் அறியாது குடித்து உயிரிழத்தலுங் கூடும். கற்பூரங் கொளுத்திச் சத்தியஞ் செய்விப்பதையும் சிறிது சிந்திக்க. அச்சத்தியத்தினால் விட்டவரும் இருப்பர். ஆயின் இந்நோய் மீண்டும் மீண்டும் தலைகாட்டும் இயல்பினது. தவறியவன் குடித்த குற்றத்தோடு சுவாமி சந்நிதியிற் பொய்த்த குற்றத்தையுஞ் சுமந்து, அச்சுமையை மறக்கவே மேலுங் குடிக்கின்றான். வாழ்நாள் முழுதுக்குமான சத்தியத்தினும், "இன்று ஒருநாள்" என்னும் சங்கற்பமே அவனால் தாங்கத்தக்கது.

இந்த ஒருநாட் சங்கற்பத்தையே நெறியாகக் கொண்ட கூட்டமொன்றை பில் வில்சன், வைத்தியர் பொப் சிமித் என்னும் இருவர் அமெரிக்காவிலே 1935ஆம் ஆண்டில் தொடங்கினர். அல்ககோலிக்ஸ் அனோனிமஸ் எனப்படும் அது இலங்கையிலும் உண்டு. குடியை விட்டவர் விடமுயல்வாரோடு ஒருங்கிருந்து, பெயரும் பெருமையும் பாராது, தம் வலியின்மையை ஒப்புக்கொண்டு, தம்மின் மேலான ஆற்றலைச் சார்வர். அவ்வாற்றலை அவரவர் தம் அறிவுக்கேற்பக் கொள்ளலாம். பிறசமயத்தார் நாட்டிலே பிறந்ததென்று இதனைத் தள்ளற்க. நாவலரவர்கள் வெஸ்லியன் மிஷன் பாடசாலையிலே கற்றார்கள். அங்கே கண்ட கல்விமுறையையும் அச்சுக்கலையையும் சைவத்துக்கு ஆக்கி, 1848இல் வண்ணார்பண்ணையிலே சைவப்பிரகாச வித்தியாசாலையைத் தாபித்தார்கள். நன்மை எங்கிருப்பினும் எடுத்துக்கொள்ளல் அவர்கள் காட்டிய வழி. நம் கோயின் மடங்களும் சனசமூக நிலையங்களும் கிழமையில் ஒருமாலை இத்தகைய கூட்டத்துக்கு இடங்கொடுத்தல் பெரிய சிவபுண்ணியமாகும்.

நான்காமவன் பேணுவோன். ஆசிரியன் நிற்கத்தக்க இடம் இதுவே. வகுப்பிலே உறங்கி விழும் பிள்ளை இரவெல்லாம் உறங்காதிருந்த பிள்ளையாயிருக்கலாம். அடியாது, தனியே அழைத்து வினாவுக. "குடியின் தீமை" என்று கட்டுரை எழுதுவித்து அதனைச் சபையிற் படிப்பிக்குமுன், அவ்வகுப்பிலே அத்தீமையை வீட்டிற் காணும் பிள்ளை யாரென்று நினைந்து பார்க்க. தந்தையை அழைத்துவரப் பிள்ளையைத் தவறணைக்கு அனுப்பும் வழக்கத்தைத் தாயாருக்கு எடுத்துச்சொல்லி நிறுத்துக. தந்தையின் நோய் தன் குற்றத்தால் வந்ததன்றென்று அப்பிள்ளைக்கு ஒருமுறையேனும் வாய்திறந்து சொல்லுக. அதனை அது வேறெவரிடத்துங் கேட்டிராது. உடனாசிரியன் குடிக்கு வசப்பட்டால் அவனுக்காகப் பொய்க் கையொப்பமிட்டு மறைத்தலும், அவனைப் பின்னின்று நகைத்தலும் ஒழித்து, வைத்தியரிடத்து உடன்செல்லுக.

இதற்கு இலக்கியமாக விளங்குபவர் திலகவதியார். இவ்வுவமை ஒருபுடையாகக் கொள்ளத்தக்கது. தம்பியார் புறச்சமயம் புக்கபோது அம்மையார் அவரை வைதுகொண்டு பின்செல்லவில்லை. திருவதிகையிலே திருவலகிட்டும் மெழுகியும் இறைவரை வேண்டிநின்றார். சூலைநோயால் வருந்திய தம்பியார் ஆளனுப்பி அழைத்தபோது அவர் இருந்த இடத்துக்குப் போக இசைந்தாருமல்லர். தம்பியாரே இரவில் வந்து அடியில் வீழ்ந்தபோதோ, பழங்கதை ஒன்றும் பேசாது எடுத்துத் திருநீறு கொடுத்தார். விடியுமுன் திருக்கோயிலுக்கு உடன் அழைத்துச் சென்றார். நோய் நீங்கியவருக்கு உழவாரம் என்னுந் தொண்டும் வாய்த்தது. நோயாளனுடைய வழியில் தாம் இழுபடாமை, அவன் வரும்வரை கதவைச் சாத்தாமை, வந்தால் இகழாமை, எழுந்தவனுக்கு ஒரு பணி கொடுத்தல் ஆகிய நான்கும் குடிநோயாளனைப் பேணுவோர்க்கும் உரியன.

சைவாசிரியர்காள்! கள்ளுண்ணாமையை முன்போலவே கற்பியுங்கள். அதனோடு, இரண்டு அதிகாரம் அப்பால் மருந்து உண்டென்பதையும் கற்பியுங்கள். கற்பிப்பதோடு நில்லாது, உங்கள் ஊரிலே நீங்கள் அறிந்த ஒருவனை வருங்கிழமை காலைவேளையிற் சென்று காணுங்கள். திருவருள் துணைநிற்பதாக.