பெருமாள் ஏரியில் ஒரு தனி ஓடம்

ஸ்ரீமதே ராமாநுஜாய நம:

கடலூரிலிருந்து விருத்தாசலம் செல்லும் நெடுஞ்சாலையில் உள்ளது குள்ளஞ்சாவடி. செம்மண் நிலமும் முந்திரித் தோப்புகளும் சூழ்ந்த ஊர். மேற்கே நெய்வேலியில் பழுப்பு நிலக்கரி அகழ்ந்தெடுக்கும் சுரங்கங்கள். கிழக்கே வங்கக் கடல். இவ்விரண்டிற்கும் இடையே, ஊருக்கு அருகில், பரந்து கிடக்கிறது ஒரு பெரிய நீர்ப்பரப்பு. அதற்கு மக்கள் வழங்கிவரும் பெயர் பெருமாள் ஏரி.

எம்பெருமானின் திருநாமத்தைத் தாங்கிய அவ்வேரியில், மாசி மாதத்து வைகறை ஒன்றில், அடியேன் ஒரு சிறு தோணியில் தனியே அமர்ந்து பறவைகளைப் பார்த்துக்கொண்டிருந்தேன். அப்போது உள்ளத்தில் எழுந்த ஒரு வினாவே இக்கட்டுரைக்குக் காரணமாயிற்று. யாருமில்லாத இடத்தில் தனியே கண்டு மகிழும் இம்மகிழ்ச்சி பக்தியைச் சேர்ந்ததா? அன்றி, இதுவும் தன்னலத்தின் ஒரு வடிவந்தானா?

ஏரியின் நீரைப் பற்றி ஒரு வார்த்தை சொல்ல வேண்டும். நெய்வேலியில் நிலக்கரிப் படிவத்தின் கீழே ஊற்றுநீர் மிகுந்த அழுத்தத்தோடு தேங்கியிருக்கிறது. 1957-ஆம் ஆண்டு தொடங்கிய அச்சுரங்கப் பணி, அந்நீரை இடைவிடாது இறைத்தாலன்றி நடவாது. இறைத்த நீரில் ஒரு பகுதி பரவனாற்றின் வழியே வாலாஜா ஏரிக்கும் பெருமாள் ஏரிக்கும் வந்து சேர்கிறது. மழைநீரோடு இந்நீரும் கலந்து வயல்களை வாழ்விக்கிறது. உடன்வரும் வண்டல் ஏரியைத் தூர்க்கவும் செய்கிறது. மனித முயற்சியின் நன்மையும் தீமையும் ஒரே கால்வாயில் கலந்தே வருகின்றன. அந்நீரில் இறங்கும் பறவையோ இது மேகம் தந்ததா, இயந்திரம் தந்ததா என்று கேட்பதில்லை. கிடைத்த இடத்தில் தன் வாழ்வை நடத்திக்கொள்கிறது.

மீன்பிடிக்கும் அன்பர் ஒருவர் தம் தோணியையும் மூங்கிற் கழியையும் தந்து உதவினார். கரையை விட்டு விலகியதும் ஊரின் ஓசைகள் ஒவ்வொன்றாய்க் கழன்றன. பனி மெல்ல விலகிற்று. நீர்க்காகம் ஒன்று பட்டமரத்தில் சிறகு விரித்து ஈரம் உலர்த்திக்கொண்டிருந்தது. முக்குளிப்பான் ஒன்று மூழ்கிய இடத்தைப் பார்த்துக்கொண்டிருக்க, அது எதிர்பாராத வேறோர் இடத்தில் தலை காட்டிற்று. மூடினாலும் இடைவெளி தோன்றும் அலகினையுடைய நத்தைகுத்தி நாரைகள் சேற்றில் நத்தை தேடின. தூரத்தே கரிய கூட்டமாய் மிதந்தவை நாமக்கோழிகள். கரிய உடல், நெற்றியில் வெண்மையான ஒரு கேடயம். அதைக் கண்டு நாமக்கோழி என்று பெயரிட்ட தமிழன் யாரோ அறியோம். ஆனால் அவன் நெஞ்சில் திருமண் தரித்த பாகவதர்களின் நினைவு இருந்திருக்க வேண்டும்.

அக்கூட்டத்தை இன்னும் சற்று நெருங்கிக் காணலாமே என்ற ஆசை உந்த, கழியை ஊன்றித் தோணியைச் செலுத்தினேன். அவ்வளவுதான். நாமக்கோழிகள் நீரின்மீது சடசடவென்று ஓடி எழுந்தன. அவற்றைக் கண்டு நாரைகளும் எழுந்தன. கண் இமைக்கும் நேரத்தில் ஏரி வெறுமையாயிற்று. காண வேண்டும் என்ற ஆசையே காட்சிக்குத் திரையாகிவிட்டது. கழியைத் தோணியிற் கிடத்திவிட்டு, அசையாது அமர்ந்திருந்தேன். வெயில் ஏறத் தொடங்கிய பின்னரே அவை ஒவ்வொன்றாய்த் திரும்பின. இம்முறை சில, முன்னைவிட அருகிலேயே வந்து இறங்கின.

திருக்கோயிலில் நாம் நாள்தோறும் கற்கும் பாடமன்றோ இது? துவாரபாலகர்கள் காக்கும் வாயிலின் இப்பால் நின்று சேவிக்கிறோம். எவ்வளவு நெருங்கலாம் என்பதை நாம் தீர்மானிப்பதில்லை. திரை விலகும் வரை காத்திருக்கிறோம். வைஷ்ணவர்கள் எம்பெருமானைப் ‘பார்த்தேன்’ என்று சொல்வதில்லை. ‘சேவித்தேன்’ என்றே சொல்வர். காண்பதும் தொண்டு செய்வதும் ஒரே சொல்லில் அடங்கிய அழகை அன்றுதான் அடியேன் உணர்ந்தேன். பார்ப்பவன் தன் விருப்பத்துக்கு நெருங்குவான். சேவிப்பவன் அவர்கள் திருவுள்ளத்துக்குக் காத்திருப்பான்.

ஆனால் அமைதியாய் இருத்தலே சிறப்பாகிவிடுமா? ஆகாது. வடதுருவத்தை அடுத்த பனிநாடுகளில் வாழும் இனூயிட் மக்கள், சீல் என்னும் கடல்விலங்கின் தோலைப் போர்த்து, ஒருவர் மட்டும் அமரத்தக்க ஒரு குறுகிய ஓடம் செய்தனர். அதற்குக் கயாக் என்று பெயர். ஓசையின்றி நீரிற் சென்று விலங்கை அணுகி ஈட்டி எறிவதற்காகவே அது அவ்வளவு மெலிதாய் அமைந்தது. இன்று உலகெங்கும் பலர் அதே வடிவான ஓடத்தில் தனியே சென்று பறவைகளையும் விலங்குகளையும் கண்டு மகிழ்கின்றனர். ஓடம் ஒன்றே, அமைதியும் ஒன்றே. உணவின்றி உயிர்வாழ இயலாத அப்பனிநாட்டு வேட்டுவனை நாம் பழிக்க வேண்டியதில்லை. அமைதியின் முடிவில் நெஞ்சம் எதை நாடி நிற்கிறது என்பதே கேள்வி. கரையில் ஒற்றைக்காலில் நிற்கும் கொக்கினும் மிக்க அமைதி யாருக்கு உண்டு? ஆயினும் அதன் தவம் மீனுக்காகவே.

இவ்வாறு எண்ணியிருக்கையில், வானில் கருடன் வட்டமிட்டது. வெண்மார்பும் செம்மேனியுமாய் அது நம் தலைக்குமேல் வருவதைக் கண்டால் கைகூப்புவது நம் மரபு. அடியேனும் கூப்பினேன். கூப்பிய கை தாழுமுன் அது கீழிறங்கி, நீரிலிருந்து ஒரு மீனைக் கால்களால் பற்றிச் சென்றது. ஒரு கணம் நெஞ்சம் தடுமாறிற்று. வணங்கியது யாரை? மீனுக்கு இரங்குவதா, கருடனைத் தொழுவதா? நம் ஆசார்யர்கள் அருளிய சேஷ சேஷி பாவம் இங்கே கைகொடுக்கிறது. உயிர்கள் அனைத்தும் எம்பெருமானுக்கே உரியவை, அவனே உடையவன். மீனும் அவனுடையது, கருடனும் அவனுடையது, தோணியில் அமர்ந்திருந்த அடியேனும் அவனுடைமையே. ஏரி நமக்காக அமைந்த காட்சிச்சாலை அன்று. நமக்கு இனிய காட்சியை மட்டும் அது தரவேண்டும் என்று கேட்க நமக்கு உரிமையில்லை. மீனின் துடிப்பு நெஞ்சை வருத்தத்தான் செய்கிறது, அவ்வருத்தம் இருக்கட்டும். ஆனால் பசிக்கு உண்ட கருடனைவிட, பசியின்றியே நீரைக் கெடுக்கும் நாமே கணக்குச் சொல்லக் கடமைப்பட்டவர்கள்.

இனி முதல் வினாவுக்கு வருவோம். ஆத்மாவானது தன்னைத்தானே அனுபவித்துக்கொண்டிருக்கும் நிலையைக் கைவல்யம் என்பர். அதிலும் துன்பமில்லை, இன்பம் உண்டு. எனினும் பகவத் கைங்கர்யத்தின் முன் அதை மிகச் சிறியதாகவே நம் பூர்வாசார்யர்கள் கருதினர். ஏரியின் நடுவே தனியே கண்ட மகிழ்ச்சி, கரையேறியதும் அடியேனுடைய நினைவாக மட்டும் நின்றுவிடுமாயின், அதுவும் ஒரு சிறு கைவல்யமே.

கஜேந்திராழ்வானை நினைந்து பாருங்கள். அவனும் ஒரு பொய்கையில் தனித்து நின்றவனே. முதலை காலைப் பற்றிய பின், உடன்வந்த கூட்டம் உதவ இயலாது ஒழிந்தது. அவன் ஆதிமூலமே என்று அழைத்தது தன் உயிர் போவதற்கு அஞ்சியன்று. துதிக்கையிலுள்ள தாமரை வாடுமுன் எம்பெருமான் திருவடியில் சேராதே என்ற கவலையாலேயே என்று பெரியோர் அனுபவிப்பர். தனிமை அவனைத் தன்னிடம் திருப்பவில்லை, கைங்கர்யத்திடம் திருப்பிற்று.

நம் பகுதியிலேயே இதற்குச் சான்று உண்டு. வீரநாராயணன் என்ற விருதுப்பெயர் கொண்ட முதற் பராந்தக சோழனின் பெயரைத் தாங்கியது வீராணம் ஏரி. அதனருகே காட்டுமன்னார்கோயிலில் அவதரித்தவர் ஸ்ரீமந் நாதமுனிகள். யோகத்தில் தனித்திருந்து நம்மாழ்வாரின் அருளைப் பெற்றவர் அவர். பெற்ற திவ்யப் பிரபந்தத்தைத் தமக்கென்று வைத்துக்கொண்டாரா? இசையோடு சேர்த்து, தம் மருமக்கள் இருவருக்கும் கற்பித்து, உலகுக்கு ஆக்கினார். தனிமை அவருக்குப் பெறும் இடமாயிருந்தது, நின்றுவிடும் இடமாயிருக்கவில்லை.

ஆகவே, கண்டவனுக்குக் கடமை உண்டு. அது பெரிய காரியமாய் இருக்கவேண்டுவதில்லை. வேடந்தாங்கலில் ஏரிப் பறவைகளைக் காத்தவர்கள் எளிய உழவர்கள். பறவைகளின் எச்சம் கலந்த நீர் தம் வயலுக்கு உரமாவதையும் அவர்கள் அறிந்திருந்தனர். பறவைகளைச் சுடலாகாது என்ற அவர்களது முறையீட்டை ஏற்று, 1798-ஆம் ஆண்டில் கலெக்டர் லயனல் பிளேஸ் அவ்வுரிமைக்கு ஆதரவளித்தார். சிவகங்கை மாவட்டத்துக் கொள்ளுக்குடிப்பட்டி மக்கள், ஊர்க் கண்மாயில் கூடுகட்டும் பறவைகள் அஞ்சுமே என்று தீபாவளிக்கும் வெடி வெடிப்பதில்லை. குழந்தைகளின் மகிழ்ச்சியில் ஒரு பகுதியை அவ்வூரார் பறவைகளுக்குக் காணிக்கையாக்கியுள்ளனர். இதனினும் சிறந்த ஆராதனம் எது?

உற்சவத்துக்கு எழுந்தருளியுள்ள அன்பர்களுக்கு அடியேனின் விண்ணப்பம் இதுவே. திருக்குளத்தில் நீராடும்போதும், தெப்பத்தில் எம்பெருமான் எழுந்தருளும்போதும், அந்நீரில் வாழும் உயிர்களையும் நினைமின். பிரசாதம் பெற்ற பிளாஸ்டிக் உறையையும் தொன்னையையும் நீரில் எறியாதீர்கள். வேங்கடத்துத் தீர்த்தத்தில் குருகாய்ப் பிறக்கவும், அம்மலைச் சுனையில் மீனாய்ப் பிறக்கவும் விழைந்தார் குலசேகராழ்வார். அரசர் ஒருவர் எந்தப் பிறவியை வேண்டி நின்றாரோ, அப்பிறவியை எய்தியுள்ள உயிர்களன்றோ நம் குளத்திலும் ஏரியிலும் வாழ்கின்றன!

அன்று தோணியைக் கரை சேர்க்கையில், வழியில் மிதந்த அறுந்த நைலான் வலைத்துண்டு ஒன்றைக் கழியால் எடுத்துத் தோணியில் இட்டேன். அதில் ஒரு நாரையின் இறகு சிக்கியிருந்தது. தோணி தந்த அன்பர் அதைக் கண்டு, “இன்றைக்கு இதுதான் பிடித்தீர்களா சாமி?” என்று சிரித்தார். ஆம், அன்றைய பொழுதில் அடியேன் செய்த கைங்கர்யம் அவ்வளவே. ஆயினும் கண்ட காட்சிகள் அனைத்திலும், மனத்துக்கு நிறைவளிப்பது இன்றும் அதுதான்.

எம்பெருமான் திருவடிகளே சரணம்.